பக்கம் நாற்பத்தொன்று

ஆஸ்பத்திரி வீதியில், ஜெபநேசனின் கடைக் கண்ணாடிக்குள்
கொடுக்கில் பென்சில் பிடித்தபடி நின்றது என் நண்டு.
நான் கீறியதுதான். கொஞ்சம் கறுத்துவிட்டது,
மெஷினில் மை கூட.
அட்டையில் என் பெயர் இருந்த இடத்தில்
ஒட்டிய வெள்ளைக் கடதாசியின் நிழல்.

"அஞ்சாம் ஆண்டுக் கணக்கோ அக்கா? நூற்றெண்பது.
ஒறிஜினல் எண்டால் நானூற்றைம்பது."
என்னிடமே சொன்னான்.
வாங்கினேன். ரசீதும் கேட்டு வாங்கினேன்.

சட்டத்தரணி கஜானியின் அறையில்
உறுதிக் கட்டுகள் கூரையைத் தொட்டன.
அவளிடம் வரும் வழக்கில் முக்கால்வாசி வேலி:
இரவோடிரவாக ஒரு சாண் நகர்ந்த கதியால்கள்.
என் நண்டையும் அப்படித்தான் பார்த்தாள்.

பதிந்தீர்களா என்று கேட்பாள் என நினைத்துப்
பொய் ஒன்று ஆயத்தமாய் வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
"எழுதின அண்டைக்கே அது உங்கட, ரீச்சர்.
நொத்தாரிசும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம்.
நீங்கள் இருக்குமட்டும். அதுக்குப் பிறகும் எழுபது வருசம்."

எழுபது!
தொண்ணூற்றைந்தில் ஓடும்போது தொலைந்த
எங்கள் வளவு உறுதிக்கு
இன்னும் பிரதி எடுத்து முடியவில்லை.

"அச்சகத்துக்கு என்ன எழுதிக் குடுத்தனீங்கள்?"
ஒன்றுமில்லை. தேத்தண்ணி குடித்துக் கதைத்ததுதான்.
"அப்ப தப்பினீங்கள். எழுதிக் குடுக்காமல் உரிமை கைமாறாது."
என் சோம்பல் எனக்குச் செய்த முதல் உபகாரம்.

நான் விடவில்லை.
நெல்லியடியில் ஒருவர் பின்னம் படிப்பிக்கப்
பனங்காய் வெட்டுகிறார்.
ஒரு காய், மூன்று கொட்டை, ஒன்று மூன்றிலொன்று.
அது என் யோசனை.

கஜானி விசிறியைப் பார்த்தாள்.
"ரீச்சர், பனங்காய்க்கு எல்லாற்ற வளவிலயும் மூண்டு கொட்டைதான்."
சிலதில் இரண்டு, என்றேன்.
"நீங்கள் எழுதின வசனம் உங்கட. கீறின படம் உங்கட.
மூண்டிலொண்டு ஆற்றயும் இல்லை."

அதே மனிதர் தன் வகுப்பு வாசலில்
'கணக்கு நண்டு' என்று பலகை மாட்டியிருக்கிறார் என்றேன்.
இப்போதுதான் பேனையை எடுத்தாள்.
"இது வேற சாமான். தனிப் பெயருக்குப் பதிப்புரிமை நிக்காது.
மாட்டுக்குக் குறி சுடுறமெல்லே, அது மாதிரி.
பால் எப்பிடியெண்டு குறி சொல்லாது.
மாடு ஆற்றயெண்டு சொல்லும்."

கொழும்புக்கு விண்ணப்பம்.
புத்தகத்துக்கு ஒரு வகுப்பு, படிப்பிக்கிறதுக்கு இன்னொன்று,
ஒவ்வொன்றுக்கும் காசு,
பத்து வருசத்துக்கொருக்கால் புதுப்பிக்கவும் காசு.
அவர் எனக்கு முந்திப் பதிந்தால்?
"அதுதான் இண்டைக்கே கையெழுத்து வையுங்கோ எண்டிறன்."

இரவு இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்தேன்,
சான்றுக்காக.
நாற்பத்தோராம் பக்கம்.
காரைநகர் பஸ்ஸில் நாற்பத்தெட்டுப் பேர்,
மூன்றிலொரு பங்கினர் பொன்னாலையில் இறங்கினர், மிச்சம் எத்தனை?
என் விடை பதினாறு.
இறங்கியவர்களை எழுதிவிட்டு
பஸ்ஸை மறந்துபோயிருக்கிறேன், ஒன்பது வருசமாய்.

களவுப் பிரதியில்
பதினாறு வெட்டப்பட்டு, பக்கத்தில்
உருண்டை உருண்டையாய்ப் பென்சிலில்
32.

ஜெபநேசனிடம் திரும்பப் போனேன்.
அடுக்கிலிருந்த எல்லாவற்றிலும் அதே முப்பத்திரண்டு.
"ஆரோ கொப்பியடிக்க விட்டிட்டு
எடுக்க வராத புத்தகம் அக்கா.
உள்ளே பிள்ளையின்ர பெயர் இருந்தது.
பிரச்சினை வருமெண்டு
ரண்டு பெயரையும் மறைச்சனான்."

கஜானியின் கடிதத்தில் மூன்று கோரிக்கைகள்:
அச்சடிப்பது நிற்கவேண்டும்,
உள்ளது அழிக்கப்படவேண்டும்,
ஆசிரியர் பெயரை நீக்கியதற்கு எழுத்தில் மன்னிப்பு.
நாலாவதை நான் சொல்லச் சொல்ல
அவள் தலையில் கைவைத்தபடி தட்டினாள்:
மூலப் பிரதி, வெள்ளைக் கடதாசி உரித்து,
என்னிடம் தரப்படவேண்டும்.

புதிய பதிப்புக்கு நாற்பத்தோராம் பக்கம் போய்விட்டது.
விடை 32.
அடியில் 'திருத்தியவர்' என்று போட்டு
ஒரு வரி வெறுமையாய் விட்டிருக்கிறேன்.
அச்சகக்காரர் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார்,
அது பிழையோ என்று கேட்டு.