மாவுக் கை

முழங்கையில் முதலில்.
பிறகு முட்டியில், கொத்துக் கொத்தாக.
செம்பனைக் காட்டுக் கொசு என்றேன் நான்.
வேப்பிலை அரைத்துப் பூசினாள் மனைவி.
லாபிஸ் கிளினிக்கில்
மூன்று டியூப் களிம்பு.
தனுஜா தூக்கத்திலும் சொறிந்தாள்,
போர்வையில் பொட்டுப் பொட்டாய் ரத்தம்.

சிகாமட் டாக்டர்
தோலைப் பார்த்துவிட்டு
வயிற்றைப் பற்றிக் கேட்டார்.
கோதுமையாக இருக்கலாம் என்றார்.
இருக்கலாம்.

நான் ரொட்டி சானாய் வீசுகிறவன்.
பள்ளி பஸ்ஸுக்கு முன்னால் அவளுக்கென்று ஒன்று,
சீனி தூவி.

வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்கணும்,
அதுவரை நிறுத்திவிடாதீர்கள்,
வழக்கம்போல் சாப்பிடட்டும், அப்போதுதான் தெரியும்
என்றும் சொல்லியிருந்தார்.

இன்றும் வீசினேன்
மெல்லிசாக, ஓரம் முறுகலாக.
"அப்பா, சீனி" என்றாள்.
போட்டேன்.
தட்டை நீட்டிய கை
தட்டை விடவில்லை.
அவள்தான் இழுத்துக்கொண்டாள்.