வியாழக்கிழமை, அரை மணி நேரம்

முகமாலையில் ஆறு வருசம்
முழந்தாளில் நின்று மண்ணைக் கேட்டவள் நான்.
சிவப்புக் குச்சி, வெள்ளைக் குச்சி,
நடுவில் ஒரு மீற்றர் அகலப் பாதை.
அங்கே கருவி கத்தினால் ஏதோ இருக்கும்.
ஆணி, தோட்டா உறை, மீன் டின் மூடி,
அல்லது அது.
ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

இங்கே பட்டிப்பொலவில், லீக்ஸ் பாத்தியில்,
வவுனியாவில் பழசாக வாங்கிய அதே ரகக் கருவி
தரையில் பிடித்தாலும் கத்துகிறது,
தூக்கி மூடுபனிக்குள் நீட்டினாலும் கத்துகிறது.
ஆகாயத்தில் யார் எதைப் புதைத்தார்கள்?

மேட்டில் மூன்று காற்றாலைகள்.
ஒவ்வோர் இறக்கையும் ஒரு லயத்து நீளம்.
அதன் மின்சாரம்
இந்தப் பாத்திக்கு அடியால்தான் கொழும்புக்குப் போகிறதாம்.
போகிற வழியில் என் காதுக்குள் நுழைந்து
ஒரு வாய் தேத்தண்ணி கேட்டுவிட்டுப் போகிறது.

பவளக்கொடி வரப்பில் குந்தியிருக்கிறாள்.
இடது காதில் தோடு.
வலது காதில், துளை தூர்ந்துவிடாமல், ஈர்க்கு.

தோடு இரவல்.
மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
வெறுங்காதோடு நிற்கக்கூடாதென்று
மூன்றாம் லயத்து அந்தோணியம்மா
தன் காதிலிருந்து கழற்றிக் கொடுத்தது.
வந்தவர்கள் பிஸ்கட் தின்று, பதில் சொல்லாமல் போனார்கள்.
இவள் அதே காதோடு உரம் போட இறங்கினாள்.
உரத்தோடு போனதா, களையோடு போனதா,
தலைத்துண்டை உதறினாளே, அப்போதா?

"கத்துதே அக்கா, கத்துதே!"
ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்புகிறாள்.
காற்றாலை கத்துது, பவளம். தோடு இல்ல.
மறுபடியும் உட்காருகிறாள், பாதியாய்,
அடுத்த சத்தத்துக்கு எழும்ப வசதியாக.

பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
புதையலா என்று கேட்டார்.
ஆமாம், கால் பவுண் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பவளக்கொடியின் காதைப் பார்த்தார்,
ஒன்றில் பொன், ஒன்றில் ஈர்க்கு,
போய்விட்டார்.

வாயில் காவல் நிற்கும் பந்துலதான் சொன்னான்:
வியாழன் பத்து மணிக்கு மூன்றையும் நிறுத்துவார்கள்,
ஏதோ திருத்த வேலை,
அரை மணி நேரம்.

நின்றன.
முதலாவது, இரண்டாவது.
மூன்றாவதுக்கு மனமில்லை; இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து நின்றது.
தண்ணீர்க் குழாயின் ஓட்டை கேட்டது.
பண்ணை மாடு ஒன்று செருமுவது கேட்டது.
ஹெட்போனைப் போட்டேன்.
உள்ளே, முகமாலை அமைதி.

இடமிருந்து வலம். ஒரு சாண் முன்னே. வலமிருந்து இடம்.
மண்வெட்டியின் உடைந்த நுனி.
சோடா மூடி.
லயத்துக் கூரையிலிருந்து பறந்து வந்த தகரத் துண்டு.
பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை.
இருபத்தெட்டாவது நிமிடம்
கடைசிப் பாத்தியும் முடிந்தது.

அங்கே, ஒன்றுமில்லை என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிலத்தில்
அடுத்த மாரிக்கே கச்சான் போட்டார்கள்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
இங்கே அதே சொல்
தொண்டையில் முள்ளாய் நின்றது.

சொன்னேன்.

பவளக்கொடி ஈர்க்கை ஒருதரம் திருகிவிட்டுக்கொண்டாள்.
அந்தோணியம்மா ஒண்டும் சொல்லமாட்டா, என்றாள்.
அதுதான் கஷ்டம், என்றாள்.

மேட்டில் ஓர் இறக்கை அசைந்தது.
என் காதுக்குள் ஒரு முனகல்,
பிறகு அந்தப் பழைய கூச்சல், மண் முழுக்கப் பொன் என்பதுபோல.
அணைக்கப் போனேன்.
கையைப் பிடித்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் அக்கா."

ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்,
வலது பக்கம் சற்றுத் தள்ளி,
ஈர்க்கு குத்தாமல்.