ஒத்தக்கடைக்கு முன்னால்

தெற்கே போனால் வெயில் இருக்கும் என்று
ஓசூரில் வைத்துச் சொன்னது நான்தான்.
அருளப்பன் ஒன்றும் சொல்லவில்லை,
டீசல் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வண்டி, ஏலத்தில் எடுத்தது.
பதினோரு வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஓடிய உடம்பு.
ஸ்ட்ரெச்சர் உருண்ட தண்டவாளத்தின் மேல் ஒரு கட்டில்,
கட்டிலுக்கடியில் அரிசி டப்பா,
ஆக்சிஜன் நின்ற மூலையில்
சின்ன கேஸ் அடுப்பு.
எழுத்தையெல்லாம் சுரண்டி வெள்ளையடித்தோம்.
சைரனைக் கழற்றுகிறேன் என்ற எலெக்ட்ரீஷியன்
வரவேயில்லை.

சேலத்தில் பனி. நாமக்கல்லில் பனி.
திருச்சிப் பாலத்தில் காவிரியே தெரியவில்லை.
துவரங்குறிச்சி தாண்டும்போது
உறைந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை
அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

மேலூரில் டீ மாஸ்டர் தலையில்
ஏதோ ஒரு பிள்ளையின் ஸ்வெட்டர்;
அதன் கைகள் இரண்டும்
காதோரம் தொங்கின.
"பதினாலு டிகிரியாம்க்கா!
நாங்க நாப்பதுக்குப் பொறந்தவங்க,
இதுக்கெல்லாம் எங்களுக்கு உடம்பு கெடையாது."

ஒத்தக்கடை நெருங்கியும்
யானைமலை இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்றும் இல்லை.
"மலையைக் காணோம்" என்றார் அருளப்பன்,
சட்டைப்பையைத் தடவிக்கொண்டு,
சாவியைத் தொலைத்தவர் போல.
பெட்ரோல் பங்க் ஓரமாய் ஒதுக்கினோம்.
கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில்
அன்றைக்குத்தான் முதன்முதலாய்
போர்வைக்காகச் சண்டை போட்டோம்.

மூன்று மணி இருக்கும். கதவை யாரோ அறைந்தார்கள்.
"ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!"
இது வீடுங்க, என்றேன்
ஜன்னலைத் திறக்காமலே.
"எழுதியிருக்குல்ல?" என்றது குரல்.

இறங்கிப் பார்த்தால்
எழுதித்தான் இருந்தது.
நாங்கள் சுரண்டிய தடத்தை மட்டும் விட்டுவிட்டு
கதவு முழுக்கப் பனி வேர்த்திருந்தது.
ஆறு எழுத்தும், மூன்று புள்ளியும்.

செங்கல் சூளைக்காரன், அழகுமலை என்று பேர்.
டிவிஎஸ்ஸில் நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்
பெண்டாட்டியை. செவந்தி. இழுப்பு.
நூத்தியெட்டு நத்தம் பக்கம்
பனியில் மாட்டி நிற்கிறதாம்.

எங்கள் கட்டிலில் அவள் படுக்கவில்லை.
உட்கார்ந்து, முன்னால் குனிந்து,
அரிசி டப்பாவைக் கட்டிக்கொண்டாள்.
ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்
கிணற்று வாளி மாதிரி ஏறியது, பாதியில் நின்றது.
அருளப்பன் அந்த ஸ்விட்சை அழுத்தினார்.
அது கத்தும் என்று
நாங்கள் ரெண்டு பேருமே நினைக்கவில்லை.

லாரிகள் ஒதுங்கின.
மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறக்கியவர்கள்
மூட்டையோடு ஒதுங்கினார்கள்.
கே.கே.நகர் வளைவில்
தட்டு, கரண்டி, குக்கர் மூடி எல்லாம்
ஒரே நேரத்தில் குதித்தன.
"பாத்திரம்... விழுதுக்கா" என்றாள் செவந்தி,
இரண்டு மூச்சுக்கு நடுவில்.
விழட்டும், நீ பேசாதே, என்றேன்.
என் போர்வையை அவள் முதுகில் சுற்றினேன்.

பெரியாஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்த ஆள்
பூப்போட்ட தலையணைகளைப் பார்த்தார்,
கொடியில் தொங்கிய என் உள்பாவாடையைப் பார்த்தார்,
எண்ணெய் பாட்டிலைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.
போர்வையும் போயிற்று.

எட்டு மணிக்கு அழகுமலை வெளியே வந்தான்.
மூச்சு நின்னு வருதுண்ணே, என்றான்.
எங்களுக்குப் பாதி உயிர் போனது.
நிதானமா வருதுன்னு சொன்னேன், என்றான்.
டீ அவன்தான் வாங்கிக்கொடுத்தான்.

வெயில் வந்ததும் கதவு வெறும் வெள்ளை.
அருளப்பன் உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார்.
கண்ணாடியில் ஊதுவது போல
ஒரு முறை ஊதியும் பார்த்தார்.

அன்று ராத்திரி
திருமங்கலத்துக்கு அப்பால் நிறுத்தும்போது
முன்னே எடுத்து, பின்னே எடுத்து,
அந்தக் கதவு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்தினார்.
நான் ஏனென்று கேட்கவில்லை.
ஒரே போர்வை.
எண்ணெய் மறுபடியும் உறைந்திருந்தது.