எட்டரைக்கு எடை

செந்தூல் அடுக்குமாடியின் தரைத்தளத்தில்
மோட்டார்சைக்கிள்களுக்கு அடுத்த அறை எங்களுடையது.
சுவரில் ஒட்டிய வாய்ப்பாடு ஏழோடு கிழிந்துவிட்டது;
எட்டு முதல் எங்களைத்தான் கேட்க வேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை
எட்டரைக்கு எடை.
ஒன்பதுக்கு மீஹூன், அவித்த முட்டை, மைலோ.
அப்புறம் கணக்கு. பல் மருத்துவர் வந்தால் பல்,
வராவிட்டால் மறுபடியும் கணக்கு.
பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது
எடைக்கருவியின் எண் லேசாக நடுங்கும்.
அது அடங்கும்வரை
மேலே நிற்கும் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

யுவனேஷுக்கு ஒன்பது வயது. நான்கு மாதமாய்
பத்தொன்பது கிலோ எண்ணூறு கிராம்.
என் பேனாவுக்கே அந்த எண் மனப்பாடம்.
சிலிப்பரைக் கழற்றுவான், பெல்ட்டை, கைக்கயிற்றை,
கடைசியில் யோசித்து
மூக்கையும் சிந்திவிட்டு ஏறுவான்.
நாங்கள் சிரிப்போம்.

இருபதுக்குக் கீழே என்றால் மாதம் இரண்டு டின் பால்மாவு.
இருபதைத் தொட்டால் கைதட்டல், வண்ணப் பென்சில் பெட்டி.
விதி டின் கொடுக்கும் கம்பெனியுடையது.

போன சனிக்கிழமை பேட்டரி தீர்ந்தது.
பொருளாளர் குணாளன் கடைக்கு ஓடினார்;
ரசீது இல்லாமல் திரும்பமாட்டார், நேரமாகும்.
முதலில் சாப்பிடுங்கள் என்றேன்.
முப்பத்தொரு பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.
இவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
முட்டையை உரித்து அவன் பக்கம் நகர்த்தினேன்.

"நிறுத்துங்க டீச்சர்."

கையை இழுத்துக்கொண்டேன்.

"இல்ல, என்னை நிறுத்துங்க. பிறகு சாப்பிடுறேன்."

உதடு வெளுத்திருந்தது.
நேற்றுப் பள்ளிச் சிற்றுண்டியோடு சரியாம்.
எல்லா நாளும் இல்ல டீச்சர்,
எடைக்கு முதல் நாள் மட்டும்.

பால் நிலோஷாவுக்கு. தங்கச்சி. மூன்று வயது.
அவனுடைய அம்மா இல்லை. இவளுடைய அம்மா இந்திராணி
மேடானில் பிறந்தவள்,
நம் தமிழையே ஓர் அலை பிந்திப் பேசுகிறவள்.
அப்பா ஜொகூர் பக்கம் லாரியில்.
கல்யாணம் கோயிலோடு நின்றது, பதிவிலாகா போகவில்லை.
பிள்ளைக்குப் பத்திரம் இல்லை.
பத்திரம் இல்லாததால் எங்கள் பட்டியலிலும் இல்லை.

எங்கள் பட்டியல்.
'பத்திர எண்' என்ற அந்தக் கட்டத்தை
ஒரு மழை நாளில், வேறு வேலை இல்லாமல்,
நான்தான் அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டேன்.

பேட்டரி வந்தது.
சாப்பிட்டுவிட்டு ஏறு என்றேன்.
தலை நிமிராமல் தின்றான்,
பக்கத்துப் பையன் மிச்சம் வைத்த மீஹூனையும் சேர்த்து.
இருபது கிலோ முந்நூறு.
யாரும் கைதட்டவில்லை.

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பன்னிரண்டு மாடி இறங்கி வந்தாள் இந்திராணி,
இடுப்பில் நிலோஷா,
வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு.

குழந்தை தனியே ஏற மறுத்தது.
அண்ணன் தூக்கிக்கொண்டு ஏறினான்.
முப்பது கிலோ நானூறு.
கழி, என்றேன்.
விரல் விட்டான், உதட்டைக் கடித்தான்,
ஒரு ரயில் போய் முடிந்தது.
"பத்து... பத்து கிலோ நூறு, டீச்சர்."
அன்றைக்குக் கணக்குப் பாடம் அவ்வளவுதான்.

புதிய வரி: நிலோஷா. மூன்று. பத்து புள்ளி ஒன்று.
பத்திர எண் கட்டத்தில்
என் கைபேசி எண்ணை எழுதினேன்.
வக்கீல் சங்கரி புதன்கிழமை பாரங்களோடு வருவார்;
அது வருடக்கணக்கு வேலை, பால் இந்த மாத வேலை.

குணாளன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"தணிக்கையில கேப்பாங்களே?"
கேட்கட்டும், எண்தான் இருக்கிறதே.
சனிக்கிழமை காலை மட்டும்
எடுக்கமாட்டேன் என்று சொல்லிவையுங்கள்.