பத்து நிமிடத்துக்கு ஒன்று

அலகு மூன்று: கணித மாதிரியாக்கம்.
புத்தகத்தில் உதாரணத்துக்கு
ஒரு தீவு, முயல்கள், நரிகள்.
மூலக்கொத்தளத்தில் முயலுக்கு எங்கே போவேன்?
பக்கத்தை மடக்கி வைத்துவிட்டு
பஸ் ஸ்டாப்பை எடுத்துக்கொண்டேன்.

ஆளுக்கொரு ஸ்டாப், ஆளுக்கொரு தாள்.
காலை எட்டு முதல் ஒன்பது வரை
பஸ் வந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள்,
திட்டியதை எழுத வேண்டாம் என்றேன்.

தாள்கள் வந்தன.
ஒன்றில் டீக்கறை. ஒன்றில் மழை.
தமீமின் தாளில் கண்டக்டர் கையெழுத்து,
எதற்கென்று தமீமுக்கே தெரியவில்லை.

ஜெபசீலியின் தாளைப் பலகையில் ஏற்றினேன்.
எட்டு: ஓடியும் விட்டது.
எட்டு இரண்டு. எட்டு ஐந்து. எட்டு ஆறு.

பிறகு

எட்டு முப்பத்துநான்கு.
எட்டு முப்பத்தெட்டு. ஒன்பது.

விட்டதைக் கழித்தால் மணிக்கு ஆறு.
பத்து நிமிடத்துக்கு ஒன்று என்கிற
டிப்போ அட்டவணை பொய் சொல்லவில்லை.
அப்படியென்றால் சராசரியாக
எவ்வளவு நேரம் நிற்போம்?
பின்பெஞ்ச் ஒரே குரலில்: அஞ்சு நிமிஷம், மேடம்.
ஜெபசீலி சிரித்தாள்,
நின்ற கால்களின் சிரிப்பு.

பலகையின் குறுக்கே அறுபது விரற்கடை நீளத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.
பஸ் வந்த இடத்திலெல்லாம் ஒரு வெட்டு.
கண்ணை மூடிக்கொண்டு
சாக்பீஸ் எறியச் சொன்னேன்.
இருபது வீச்சு.
பத்து விழுந்தது இருபத்தெட்டு நிமிடப் பள்ளத்தில்.
ஏழு, இருபத்திரண்டில்.
நான்கு நிமிடத்துக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.
ஒன்று மின்விசிறி. ஒன்று
நிறுவனர் படத்தின் மூக்கு.

நீள இடைவெளிக்கு வாய் பெரிது.
எப்போது கிளம்பினாலும்
அனேகமாய் அதற்குள்தான் விழுவோம்.
இடைவெளிகளை வர்க்கமாக்கிக் கூட்டி
நூற்றிருபதால் வகுத்தோம்.
பத்தே முக்கால், கொஞ்சம் மேலே.
ஒரு விடைக்கு விசிலடித்தார்கள்,
என் ஒன்பது வருடத்தில் முதல் தடவை.
அலகு மூன்று முடிந்தது என்று
டஸ்டரைக் கையில் எடுத்தேன்.

"மேடம், பஸ்னா எது?"

புரியவில்லை.
ஜெபசீலி எழுந்து வந்து
என் கையிலிருந்தே டஸ்டரை வாங்கினாள்.
இரண்டை அழித்தாள். ஐந்தை, ஆறை,
முப்பத்தெட்டை.
"இதெல்லாம் காசு பஸ். பார்ப்பேன், ஏற மாட்டேன்.
ரோஸ் கலர் வர்ற வரைக்கும்
எனக்கு பஸ்ஸே வரல."
எட்டு மணிக்கு விட்டதும் ரோஸ்தானாம்.

மிஞ்சியவை இரண்டு இடைவெளிகள்.
முப்பத்துநான்கு, இருபத்தாறு.
அவளே வர்க்கம் கண்டாள், அவளே கூட்டினாள்.
பதினைந்தே கால்.
யாரும் விசிலடிக்கவில்லை.

"அதுவும் நிறுத்துனாத்தான்."
கோமளவல்லி, ஜன்னலோரத்திலிருந்து.
பொம்பளைங்க மட்டும் நின்னா
ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிக்கும், மேடம்,
ஓடிப் போறதுக்குள்ள எடுத்துடுவான்.
அதற்கும் ஒரு மாறி வைத்தோம்: ப,
நிற்பதற்கான நிகழ்தகவு.
ஒன்று என்று நான் எழுதியதை
பாதியாக்கச் சொன்னார்கள்.
பாதியா, இன்னும் குறைவா என்பதில்
மணி அடித்த பிறகும் சண்டை.

நான் கீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள்.
என் அனுமானங்களின் பட்டியலில் முதல் வரி:
பயணிகள் அனைவரும் ஒரேமாதிரி எனக் கொள்க.
வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஜூலையில் அவள் பெயருக்கு நேரே
பதினொரு சிவப்புச் சுழி,
அத்தனையும் என் பேனா.
மூடிவிட்டேன்.
சராசரி எடுக்கவில்லை.

மாடல் எக்ஸாம் வந்தது.
துறைத்தலைவர் தயாரித்த தாள்,
ஐந்தாவது கேள்வி:
ஒரு தீவில் முயல்களும் நரிகளும் உள்ளன.
ஜெபசீலி சமன்பாடு இரண்டையும் எழுதி
விடையும் கண்டிருந்தாள், பிழையில்லை.
கீழே, மை தீரும் பேனாவில், ஒரு வரி:
இதில் முயல் என்று
யாரை எண்ணினார்கள், எண்ணியது யார்?

விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை.
பென்சிலால் ஒரு டிக் போட்டேன்,
கூட்டலில் சேராமல்.