இரண்டு பொட்டலம் சாயம்

ஒரே தொட்டி.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
டல்சாவில் ஒரே குழாயில் நிரப்பி
ஒரே லாரியில்
நான் ஒருவனே ஓட்டிவந்தது.

ஹார்லன் மேட்டில் சாலைக்கு இந்தப் பக்கம்
சிவப்பு நரி போட்ட பலகை,
ஆர்லீன் டட்வைலரின் பங்க்.
எதிரே நீலக் கொக்கு. அது வாட்ஸ்லாவ் கூபிக்குடையது.
என் இருக்கைக்கு அடியில் இரண்டு தகர டப்பா.
நரிக்கு ஒரு பொட்டலம் சிவப்பு,
கொக்குக்கு ஒரு பொட்டலம் நீலம்.
கொட்டிவிட்டு மூடியைத் திருகும்போது
விசிலடிப்பது என் பழக்கம்.

அப்போது பம்புக்குத் தலை கண்ணாடி.
பத்து கேலன் பிடிக்கும் குடுவை, உள்ளே அளவுக் கோடுகள்.
கைப்பிடியைத் தள்ளி இழுத்தால்
நுரைத்துக்கொண்டு ஏறும்.
காரை விட்டு இறங்கி அண்ணாந்து பார்ப்பார்கள்.
ஏமாற்றவில்லை என்று காட்டத்தான்
கம்பெனி கண்ணாடி வைத்தது.

சிவப்பு ஊற்றினால் மேட்டில் நன்றாக இழுக்கிறது என்பார்
கோதுமைக்கார எல்ம்ஸ்லி.
பனிக்காலத்தில் நீலம்தான் சட்டென்று எழுப்பும் என்பாள்
பிரசவம் பார்க்கும் பெர்னிஸ்.
நான் தலையாட்டுவேன்.
அந்தத் தலையாட்டலுக்கும் சேர்த்துத்தான்
வாரம் பதினெட்டு டாலர்.

என் அப்பா காலத்தில்
இதை வாங்க ஆளே இல்லை.
பென்சில்வேனியாவில் அவர் வேலை பார்த்த ஆலையில்
விளக்குக்கு மண்ணெண்ணெய் எடுத்தது போக
மிஞ்சிய கழிவுக்குப் பெயர் பெட்ரோல்.
இருட்டியதும் ஓடையில் திறந்துவிட வேண்டும்.
ஓர் இரவு யாரோ புகைக்குழாயைத் தட்ட
ஓடை எரிந்தது,
கூடவே ஒரு மரப்பாலமும்.
அப்பாவுக்கு அப்புறம் புருவம் முளைக்கவில்லை.

முப்பத்தொன்றாம் வருஷக் கோடை.
கரும்பலகையில் பதினெட்டு சென்ட்.
எதிரே பதினாறு.
இங்கே பதினான்கு, அங்கே பதினொன்று,
வியாழக்கிழமை இரண்டு பக்கமும் ஒன்பது.
எதிராளி குறைத்தால் நீயும் குறை என்று
கடிதம் கொண்டுவந்ததும் நான்தான்.
வேறு வேறு கம்பெனி, வேறு வேறு உறை,
ஆனால் ஓர் எழுத்து மட்டும் கால் ஒடிந்து சாயும்
அதே தட்டச்சுப் பொறி.
ஆர்லீன் தையல் மிஷினை விற்றாள்.
கூபிக் பன்றிகளை.
அவன் மகள் கல்யாணத்துக்கு
சாலைக்கு இந்தப் பக்கம் அழைப்பு வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை
சிவப்பு டப்பா காலி.
ஊற்றினேன். விசிலடித்தேன்.
ஆர்லீன் கைப்பிடியைத் தள்ளினாள்.
கண்ணாடியில் ஏறியது வெறும் வானம்.
சாயம் வெளுத்தது என்பார்களே,
இங்கே வெளுக்கச் சாயமே இல்லை.

"பொட்டலம் போட மறந்துவிட்டாயா?" என்றாள்,
பாலுக்குச் சர்க்கரை போட்டாயா என்பது போல.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
"எப்போதிருந்து தெரியும்?"
அவள் கையை விரித்தாள்.
நகக்கண் பத்தும் சிவப்பு.
"அவனுக்கும் தெரியும்," தாடையால் எதிர்ப்பக்கம் காட்டினாள்,
"அவன் கையைப் போய்ப் பார்."
"அப்புறம் எதற்கு இந்தச் சண்டை?"
"கடிதம் வருகிறதே."

அன்று முழுக்க நிறமில்லாததையே விற்றாள்.
எல்ம்ஸ்லி மறுநாள் வந்து சொன்னார்,
இந்தத் தடவை சரக்கு பிரமாதம்.

அக்டோபரில் இருவர் கணக்கையும் முடித்தார்கள்.
பாக்கிச் சீட்டை நான்தான் நீட்டினேன்.
கடைசி வரியில்,
இருவருக்கும் தனித்தனியாக:
சாயம், பொட்டலம் பன்னிரண்டு சென்ட்.

பலகைகளைக் கழற்றி லாரியில் போட்டேன்.
நரி கீழே, கொக்கு மேலே.
குழியில் இறங்கும்போதெல்லாம்
தகரத்தோடு தகரம் மோதிக்கொண்டு
பத்து மைலுக்கு ஒரே கூச்சல்.
வண்டியை ஓரங்கட்டி
நடுவில் ஒரு சாக்கைச் செருகினேன்.

அப்புறம் டல்சா வரை சத்தமில்லை.