விவாதம் நடந்தது

நடவடிக்கைக் குறிப்பில் எனக்கு அனுமதித்த சொற்கள் குறைவு.
முன்மொழிந்தவர். வழிமொழிந்தவர்.
ஆம் நால்வர், இல்லை ஒருவர்.
நடுவே நடந்த அத்தனைக்கும் ஒரே வாக்கியம்:
விவாதம் நடந்தது.

பதினான்கு வருடமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு,
நடுநிலைப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம்.
வெளியே ஓஹையோவின் அழுக்குப் பனி.
உள்ளே, பூட்ஸ்கள் சுமந்துவந்த உப்பும் நீரும்.
ஆறாம் வகுப்புப் பெஞ்சுகளில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் பெரியவர்கள்.

பொருளாளர் ட்ரூடி வான்ஹோர்ன் திரையில் காட்டினார்:
நீலக் கோடு வரவு, சிவப்பு செலவு.
மூன்றாம் ஆண்டில் சிவப்பு மேலே போகிறது.
கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
அவர் கையிலிருந்த லேசர் புள்ளி கொஞ்சம் நடுங்கியது.
நவம்பரில் கூடுதல் சொத்துவரி தோற்றது
பதினேழு ஓட்டில்.
மறு எண்ணிக்கை கேட்டோம்; பத்தொன்பது.

"புல்தரைக்கு மட்டும் பணம் இருந்ததே?"
கூரை வேலை செய்யும் லாமார் ஃபிட்ச்.
ட்ரூடி விளக்கினார், இந்த வருடத்தில் ஆறாவது முறை:
அது கடன்பத்திரப் பணம். கட்டடத்துக்கு, மைதானத்துக்கு.
ஒரு டாலரை நகர்த்தி ஓர் ஆசிரியருக்குக் கொடுத்தாலும்
தணிக்கையாளர் வாசலில் நிற்பார்.
சட்டத்துக்கு
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.
"சரி, அந்தச் செயற்கைப் புல்லுக்கே
பின்னக் கணக்கு சொல்லிக்கொடுங்கள்" என்றார் லாமார்.
சிரித்தார்கள். ட்ரூடியும்.
விவாதம் நடந்தது.

பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.
கடிகாரம் என் பொறுப்பு. பச்சை, மஞ்சள், சிவப்பு.

மாரிசெல் பராஹோனா, ஐந்தாம் வகுப்பு.
வயோலாவை எடுத்துச் சுருதி சேர்க்கவே
இரண்டரை நிமிடம் போயிற்று.
சிவப்பு எரிந்தபோது வில் பாதி வழியில்.
அப்படியே நிறுத்திவிட்டாள்.
நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை,
வாசி என்றும் சொல்லவில்லை.
எழுதினேன்: எம். பராஹோனா இசை வகுப்பு குறித்துப் பேசினார்.

எட்டாவதாக எல்ட்ரெட் சோபெல்.
ஒவ்வொரு வரியையும் எதிர்த்தவர், மறைத்ததில்லை.
"என் வீட்டின் மதிப்பு ஏறிவிட்டதாம்.
ஓய்வூதியம் ஏறவில்லை.
சுவரைப் பெயர்த்தா தின்ன முடியும்?"
பின்வரிசை ஊளையிட்டது. தலைவர் சுத்தியலைத் தட்டினார்.
வெறுக்க ஒருவராவது
கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தாரே என்று
கூடத்துக்கு ஒரு நிம்மதி.

நான் தலை நிமிராமல் தட்டச்சு செய்தேன்.

கார்லின் ஆலை ஆகஸ்டில் மூடியது.
வரி, வருடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
சமையலறை மேசையில் மூன்று முறை கூட்டிப் பார்த்தோம்.
தீயணைப்பு நிலையத்தில், தடுப்புக்குப் பின்னால்,
'எதிர்' வட்டத்தை ஓரம்வரை கறுப்பாக்கினேன்.
வட்டத்தை முழுமையாக நிரப்பவும் என்று
மாவட்டத் துண்டறிக்கையில் அச்சடித்தவளும் நானே.

பதினொன்று இருபதுக்குத் தீர்மானம்.
வில்லோ ரன் தொடக்கப்பள்ளி ஜூனில் மூடப்படும்.
இரண்டு மைலுக்குள் பேருந்து இல்லை.
தொடக்க வகுப்புகளில் இசை இல்லை.
பெயர் அழைத்தேன். ஆம். ஆம். ஆம்.
ஹாஸ்கின்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் பிள்ளைகள் மூவரும் வில்லோ ரன்னில் படித்தவர்கள்.
துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தேன். ஆம்.
டெஸ்மண்ட் ஓக்ஸ், இல்லை.

கலைந்தார்கள்.
சோபெலின் கால் பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.
வயோலாப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு
மாரிசெலின் அப்பா அவரைத் தூக்கி நிறுத்தினார்.
இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.
இது கூட்டம் முடிந்த பிறகு நடந்தது, குறிப்பில் வராது.

மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு.
அதே தொகை, புதுப் பெயர்.

தனியாக உட்கார்ந்து முடித்துக்கொண்டிருந்தேன்.
விளக்குகள் அணைந்தன.
அசைவு இருந்தால் மட்டும் எரிபவை,
சிக்கனத்துக்காகப் போன வருடம் பொருத்தியவை
(ஆம் நால்வர், இல்லை ஒருவர்).
விரல்கள் தட்டச்சு செய்வது
அவற்றுக்கு அசைவாகத் தெரிவதில்லை.

இருட்டில் கையை உயர்த்தினேன்.